சாப்பிட்டுப் போகலாம்

ஏப்ரல் 2, புதன். மாரண்டஹள்ளி.

விலை இல்லாததால் இந்த முறை தக்காளியைப் பறிக்காமல் விட்டுவிடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். செடியிலேயே பழுத்து வெடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாடுகளை உள்ளே விட்டிருக்கிறார். மாடுகளுக்கும் சலித்துவிட்டது. முகர்ந்து பார்த்துவிட்டு நகர்கின்றன.

பாலக்கோட்டில் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு எதிர்கால வினை நடத்தினேன். ஷல், வில். வாக்கியம் வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதி, எழுதியதை நானே நம்பாமல் நின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.


ஏப்ரல் 6, ஞாயிறு.

அண்ணன் பேசினான்.

பூவரசன் போர்வெல் போடும் வண்டியில் ட்ரில்லர். தை பிறந்ததும் வண்டியோடு சத்தீஸ்கர் போனவன், மழை பிடித்தால்தான் திரும்புவான். ராய்ப்பூரைத் தாண்டி ஏதோ ஒரு காட்டில் இருக்கிறான். பேச்சுக்கு நடுவே கம்ப்ரஸர் சத்தம்.

"என்னா டீச்சர், இன்னிக்கி எத்தன பேர அடிச்ச?"

"ஞாயித்துக்கெழமண்ணா."

"அப்ப அம்மாகிட்ட கைவரிசையக் காட்டியிருப்ப."

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். சோறு யார் ஆக்குகிறார்கள், வெயிலில் தலைக்குத் துணி கட்டுகிறாயா, ஏன் இளைத்த மாதிரி பேசுகிறாய். இளைத்த மாதிரி பேசுவது எப்படி என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அம்மா சிரித்தாள். இந்த வாரம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவை.

நான் அவனிடம் பேசுவதற்கு எதையோ வைத்திருந்தேன். பேசி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம்.


ஏப்ரல் 8, செவ்வாய்.

ஒன்றும் இல்லை. வெயில்.


ஏப்ரல் 10, வியாழன்.

எழுதிக்கொண்டிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்று பள்ளி விடுமுறை. மதியம் அர்ச்சுனன் மாமா, அம்மாவின் தம்பி, வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா தோட்டத்தில். போன் வந்தது. அண்ணன் வண்டியின் மேனேஜர் கலைமணி. இதுவரை எங்களிடம் பேசியதில்லை. ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன்.

"பூவரசன் மேல பைப்பு விழுந்துருச்சுங்க. ராய்ப்பூர்ல பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்குதுங்க. சீரியஸா இருக்காருங்க. ஊட்டுல இருந்து ரெண்டு பேரு கெளம்பி வாங்க."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

சீரியஸ். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். உயிரோடு இருப்பவனைப் பற்றிச் சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றன: அடி பலமா பட்டிருச்சு, ஐசியூல வெச்சிருக்காங்க, கொஞ்சம் பயமாத்தான் இருக்குது. சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது. நீங்கள் வந்து சேரும்வரை வாயைத் திறந்து சொல்ல மாட்டோம், வழியில் விழுந்து கிழுந்து வைக்கக் கூடாது. அப்பாவுக்குத் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்த ஒரு சொல்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

கலைமணி பேசிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் பெங்களூர்ல இருந்து ஒரு ஃபிளைட்டு இருக்குதுங்க. இப்பக் கெளம்புனா புடிச்சர்லாம். ஓனரு டிக்கெட் போடறேங்கறாரு. போடச் சொல்லட்டுங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காலைல போதுங்க" என்றார் மாமா. "இனி என்னாங்க அவசரம்."

அந்தப் பக்கம் கம்ப்ரஸர் சத்தமும் இல்லை. பிறகு, "சரிங்க. உங்க இஷ்டமுங்க."

அவ்வளவுதான். உயிர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. "அதக் கேட்டா அந்த மனுசன் என்னம்மா சொல்லுவாரு, பாவம்" என்றார் மாமா. சொல்ல முடியாததை ஒருவர் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. அதுதான் மரியாதை.

கொல்லைப்புறம் போய் கலைமணியின் எண்ணுக்கு எழுதினேன். உயிர். அதற்கு மேல் விரல் நகரவில்லை. அழித்துவிட்டேன். அவரிடமிருந்து டிக்கெட் வந்தது. அம்மா பெயர், என் பெயர். நாளை முற்பகல் விமானம். நன்றி என்று போட்டேன். நன்றி.

அம்மாவிடம் மாமா சொன்னது: "கால்ல அடியாம்க்கா. ஆபரேசன் பண்ணோணுமாம். நீயும் பாப்பாவும் போயிக் கூட்டியாந்துருங்க."

"எந்தக் கால்ல?" என்றாள் அம்மா.

மாமா வெளியே போய்விட்டார்.

அவர் ஊரில் இருந்து ஆகவேண்டியதைப் பார்ப்பார். ஆகவேண்டியது. இப்படி எத்தனை சொற்களை வைத்திருக்கிறோம்.


ஏப்ரல் 11, வெள்ளி. பெங்களூரு விமான நிலையம்.

ராயக்கோட்டை, ஓசூர், அப்புறம் பாலங்கள், அப்புறம் இங்கே.

உள்ளே விட்டுவிட்டார்கள். அம்மாவைக் கையை விரிக்கச் சொல்லித் தடவிப் பார்த்தார்கள். அவள் விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். போகலாம் என்று சொன்ன பிறகும்.

சுற்றிலும் எல்லோரும் எங்கோ போவதற்காகக் குளித்திருக்கிறார்கள். வாசனையாக இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு திட்டம் இருக்கிறது, ஒன்றே ஒன்று. விமானம் ஏறுவதற்குள் அம்மாவின் வயிற்றில் ஏதாவது போய்விட வேண்டும். நேற்று மதியத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அங்கே போய் அவனைப் பார்த்துவிட்டால், எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் இறங்காது. அப்பாவின்போது பார்த்திருக்கிறேன். இங்கே, இந்த மேசையில், அவளுக்கு இன்னும் தெரியாத இந்தக் கொஞ்ச நேரத்தில் சாப்பிட வைத்துவிட வேண்டும்.

காபிக் கடையில் இருந்த பெண் முதலில் இந்தியில் பேசினாள், பிறகு ஆங்கிலத்தில். நான் பதில் சொல்வதற்குள் அம்மா கன்னடத்தில் இட்லி சூடாக இருக்கிறதா என்று கேட்டாள். எங்கள் ஊரில் கன்னடம் தெரியாமல் காய்கறி விற்க முடியாது. அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "திண்டி ஆய்த்தா அம்மா?" என்றாள். டிபன் ஆச்சா என்று.

"ஆய்த்து" என்றாள் அம்மா.

ஆகவில்லை. தட்டு எங்களுக்கு நடுவில் இருக்கிறது. இட்லி, பொங்கல், காகிதக் கோப்பையில் இரண்டு காபி.

"சாப்புடும்மா."

"பசிக்கல."

"அங்க போயி அண்ணனப் பாத்துக்கணும் இல்ல. தெம்பு வேணாமா?"

அம்மா என்னை நேராகப் பார்த்தாள்.

"இத எனக்குச் சொல்றியா, உனக்குச் சொல்லிக்கிறியா?"

நான் கரண்டியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"உங்க மாமன் வாயத் தெறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "உங்கப்பாவுக்கு நெஞ்சுல லேசா வலின்னான். இவனுக்குக் கால்ல அடின்றான். எந்தக் காலுன்னு கேட்டா ஓடறான். பொய் சொல்லத் தெரியாதவன எதுக்குச் சொல்ல வெக்கிறீங்க?"

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "நீ சாப்புடு பாப்பா. நீ சின்னப்புள்ள."

ஆக, அவளும் எனக்காக நடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மாரண்டஹள்ளியிலிருந்து இதுவரை. இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறோம். இட்லி ஓரம் காய்கிறது.

போனில் அருள்குமாரின் ஸ்டேட்டஸ். அண்ணனோடு பள்ளியில் படித்தவன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். கண்ணீர் அஞ்சலி. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அண்ணன் சிரிக்கிறான். கீழே நேற்றைய தேதி. ஆழ்ந்த இறங்கல் என்று றகரம் போட்டிருக்கிறான். முதலில் அதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. நான் என்ன மாதிரி ஆள்.

போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.


பிறகு, அதே மேசை.

வரிசையாக எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி.

கவிழ்த்து வைத்த போன் அடித்தது. கலைமணி.

"எங்கீங்க இருக்கீங்க? ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கு முன்னால பேசோணுங்கறாரு. இருங்க."

யார் பேச வேண்டும் என்கிறார் என்று புரியவில்லை. டாக்டர் என்று நினைத்தேன்.

"பாப்பா."

—

"பாப்பா, கேக்குதா?"

"அண்ணா."

"அம்மா வருதா?"

"வருது. எதுத்தாப்புலதான் இருக்குது."

"எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட்ல. காப்பி வாங்கி வெச்சிக்கிட்டு..."

"ஏர்போர்ட்ல காப்பி." மூச்சு வாங்கினான். ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து வைப்பது போலப் பேசினான். "பெரிய ஆளுங்கடி நீங்க. சாப்டீங்களா?"

போனை அம்மாவின் காதில் வைத்தேன். அவளுக்கு யாரென்று நான் சொல்லவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் முகத்தில் ஏதோ நடந்தது. கடைசியில் சொன்னாள்: "சாப்புட்றண்டா. நீ போயிட்டு வா."

சீரியஸ் என்றால் சீரியஸ்தான். டாக்டர் சொன்ன சொல்லைக் கலைமணி அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறார், பின்னால் எதையும் ஒளித்து வைக்காமல். ஒளித்தது எங்கள் காது. நேற்றுச் சாயங்காலம் ஒரு விமானம் இருந்தது. நேற்று ராத்திரி நாங்கள் அவன் பக்கத்தில் — வேணாம். இப்ப அத எழுதாத. எழுதாதடி.

அம்மா சாப்பிடுகிறாள். இட்லியை முடித்துவிட்டு என் பொங்கலை இழுத்துக்கொண்டாள்.

"இதுவா பொங்கலு? கஞ்சியில மொளகக் கொட்டி வெச்சிருக்கான்."

"அப்பறம் ஏன் சாப்புட்ற?"

"அவன் சொல்லிட்டான் இல்ல. காப்பி ஆறிப்போய்க் கெடக்குது, போயி வேற வாங்கியா. சக்கர சேத்துப் போடச் சொல்லு. கேட்டா வெக்கமா உனக்கு?"

வாங்கி வந்தேன். சர்க்கரை சேர்த்து. மாமாவை அழைத்தேன்.

"மாமா, அண்ணன் பேசினான்."

"எவன்?"

"அண்ணன். பூவு. உசுரோட இருக்கான் மாமா. இப்பத்தான் பேசினான்."

அந்தப் பக்கம் சாவுக்கு வரவழைத்த நாற்காலிகள் இறக்குகிற சத்தம் மட்டும், இரும்போடு இரும்பு. பிறகு போனை விலக்கிக்கொண்டு யாரையோ கத்தினார். "டேய் அருளு, அந்த ஃப்ளெக்ஸ எறக்குடா. மொதல்ல எறக்கித் தொலடா அத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவென்று அம்மா கேட்டாள். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். ஸ்டேட்டஸையும் காட்டினேன். அவள் போனைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"போட்டா நல்லாத்தான் இருக்குது" என்றாள். "வரட்டும், அவங்கிட்டயே காட்டலாம். ஊரே அவனுக்கு அழுதுச்சுன்னா இன்னும் ரெண்டு மாசத்துக்குக் கையில புடிக்க முடியாது."

இரண்டு பேரும் காகிதக் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். காபிக் கடைப் பெண் எங்களைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

கூப்பிடுகிறார்கள்.


விமானத்தில்.

அம்மா தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். யாரும் எங்களிடம் எதுவும் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறோம். கீழே மேகம், ஒரு தடவைகூட நகராதது போல. நம்பிக்கை என்பது இப்படியா இருக்கும்? வயிறு நிறைந்து, கொஞ்சம் கூச்சமாக. பழக்கமில்லாததால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கால் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். நினைத்தவுடன், யாரோடு பேரம் பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.


ஏப்ரல் 12, சனி. ராய்ப்பூர்.

நேற்றைய மிச்சத்தை எழுதிவிட வேண்டும்.

கலைமணி வெளியே நின்றிருந்தார். திருச்செங்கோட்டுக்காரர். ஒல்லியான மனிதர். சட்டை புதிது, மடிப்பு இன்னும் கலையவில்லை. "வாங்கம்மா. நல்லபடியா வந்து சேந்தீங்களா" என்று சொல்லி அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார்.

"ஆபரேசன் முடிஞ்சுதாங்க?" என்றேன்.

"ஆச்சுங்க."

"எப்படி இருக்கான்?"

"இருக்காருங்க." கார்க் கதவைத் திறந்தார். "இந்த ஊரு வெயிலப் பாத்தீங்களா. மொதல்ல டிபன் சாப்ட்டுப் போலாமுங்க. நம்ம பக்கத்து ஆளு கடை ஒண்ணு வெச்சிருக்காரு. தோசை நல்லாருக்கும்."

"ஏர்போர்ட்லயே சாப்ட்டோங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"போலாமுங்க, போலாமுங்க. சாப்ட்டுப் போலாம். அவசரமில்லீங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

கடையில் தோசை வந்தது. கலைமணி தனக்கு ஒன்றும் வாங்கவில்லை. தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். வெயிலைப் பற்றி, இங்கே கிடைக்கிற அரிசியைப் பற்றி, லாரி டயரைப் பற்றிப் பேசினார். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

அம்மா சாப்பிட்டாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு துண்டாகச் சட்னி தொட்டு. கடைசித் துண்டையும். எழுந்து போய்க் கை கழுவினாள். வந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க தம்பி" என்றாள். "சாப்ட்டாச்சு."

கலைமணி டம்ளரை வைத்துவிட்டு அழுதார்.

—

ஆபரேசன் டேபிளிலேயே. நாங்கள் மேலே இருந்தபோது. உள்ளே ரத்தம் நிற்கவில்லையாம்.

வியாழக்கிழமை ராத்திரி முழுக்க வலி மருந்திலும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "வந்துட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாருங்க. காலைல ஃபிளைட்டுக்குத்தான் வர்றாங்கன்னு சொன்னனுங்க" என்றார் கலைமணி. "சரி, தக்காளி எடுப்பு இருக்கும்னாருங்க."

அவன் எங்களுக்காகச் சொன்ன காரணம் அது. அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அம்மா அதைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். முகத்தில் காயமே இல்லை. அம்மா அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது போல. எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள். இன்று முழுக்க போலீஸ், மருத்துவமனை, மறுபடி போலீஸ். எல்லாம் கலைமணிதான். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாமாவுக்கு நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "மாமா, அண்ணன் செத்துட்டான்."

அவர் நம்பவில்லை. "சீரியஸா இருக்கானாம்மா?" என்றார்.

"இல்ல மாமா. செத்துட்டான்."

இப்படிச் சொல்ல முடிகிறது. வியாழக்கிழமை ஒரு கேள்வியைக் கேட்க முடியவில்லை.


ஏப்ரல் 13, ஞாயிறு. ராய்ப்பூர் விமான நிலையம்.

அண்ணன் இருந்த பெட்டி வேறு வாசல் வழியாக உள்ளே போய்விட்டது. நாங்கள் பயணிகள் வாசலில் வந்தோம். கலைமணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கினார். அசைக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். அப்படியே கீழே போட்டுக்கொண்டார்.

காபி வாங்கி வந்து அம்மாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"அவன் ஏறிட்டானான்னு கேட்டுட்டு வா."

வாசல் மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். சீட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினாள். "லோடட், மேம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா இருந்த இடத்துக்குத் திரும்பி நடந்தேன். அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று யோசிக்கும் அளவுக்குக்கூடத் தூரம் இல்லை.

"ஏறிட்டாம்மா" என்றேன்.

அம்மா காபியை வாங்கிக்கொண்டாள்.